கையில் ஒரு பெரிய தொப்பி

பிராக் நகரத்துச் சிறுவன் ஒருவன் போட்டோ ஸ்டூடியோவில் நிற்கிறான். ஐந்து வயது இருக்கும். ஆறு என்றும் சொல்கிறார்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கிற உடுப்பு. பட்டி, நாடா, ஓர வேலைப்பாடு என்று தையல்காரர் கை ஓயும்வரை எதையெதையோ சேர்த்துத் தைத்திருக்கிறார். இடது கையில் ஸ்பெயின்காரர்கள் வைப்பதுபோல விளிம்பு அகன்ற தொப்பி. அவனைவிட அந்தத் தொப்பிதான் முதலில் கண்ணில் படுகிறது. சுற்றிலும், குளிர்நாட்டுப் பணக்காரர்கள் கண்ணாடிக் கூரை போட்டு வளர்க்கும் தோட்டம் மாதிரி ஒரு ஜோடனை. பனைவகைச் செடிகளின் ஓலைகள் விரிந்து நிற்கின்றன. சிறுவன் கேமராவைப் பார்க்கிறான்.

அப்பா ஹெர்மன் கடை வைத்திருப்பவர். குடை, கைத்தடி, பொத்தான், நாடா என்று நாகரிகப் பொருள்கள் விற்கும் கடை. கிராமத்துக் கசாப்புக்காரரின் மகனாகப் பிறந்து, வறுமையில் வளர்ந்து, நகரத்துக்கு வந்து தலையெடுத்தவர். அப்படிப்பட்டவர் தன் மகனை எப்படி உடுத்திப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார் என்பதை ஊகிக்க அதிக சிரமம் வேண்டாம்.

பெயரைச் சொல்லும்வரை படம் இவ்வளவுதான். ஃபிரான்ஸ் காஃப்கா என்று சொன்ன மறுகணம் எல்லாம் இடம் மாறிக்கொள்கிறது. இறுக்கமான உடுப்புக்குள் ‘விசாரணை’ நாவலில் காரணம் தெரியாமல் கைதாகிறவன் தெரிகிறான். செடிகளுக்கு நடுவே ‘உருமாற்றம்’ கதையின் படுக்கையறை வந்துவிடுகிறது. காசநோய் தொண்டைக்குப் பரவி, விழுங்கவே முடியாத நிலையில், 1924 ஜூன் 3 அன்று வியன்னாவுக்கு அருகே கியர்லிங்கில் 40 வயதில் இறந்துபோன மனிதர் அந்தக் கண்களுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். சிறுவனுக்கு இதில் எதுவும் தெரியாது. பார்க்கிற நமக்கோ தெரியாததுபோல இருக்க வழியில்லை.

ஒரு மனிதருக்குப் பல வயதுகள் உண்டு. அவற்றில் எந்த வயது அவர்? படத்தில் நிற்கும் பையன், பின்னால் வரப்போகும் எழுத்தாளரின் தொடக்கமா? அல்லது தனக்கென்று ஒரு முழு வாழ்வு வாழ்ந்து, யாருக்கும் தெரியாமல் எங்கோ முடிந்துபோன வேறொருவனா? ஆல்பத்தைப் புரட்டுகிற எவருக்கும் ஒரு நிமிடமாவது தோன்றுகிற கேள்விதான். ஆனால் மறுமையைப் பற்றியும் பிறவியைப் பற்றியும் யோசித்த மதங்கள் இதை ஆல்பங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே எடுத்துப் பேசியிருக்கின்றன.

*

காஃப்காவின் இந்தப் படத்தைப் பேச்சுக்குரியதாக ஆக்கியவர் ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின். 1931-இல் அவர் எழுதிய புகைப்பட வரலாற்றுக் கட்டுரையில் இந்தச் சிறுவன் வருகிறான். உடுப்பை அவர் கிட்டத்தட்ட ஓர் அவமானமாகவே பார்க்கிறார். பொய்த் தோட்டத்துக்குள் இந்தப் பிள்ளை மூழ்கிப்போகாமல் காப்பாற்றுபவை அவனுடைய அளவிட முடியாத சோகம் நிறைந்த கண்கள்தாம் என்கிறார். 1934-இல், காஃப்கா இறந்து பத்தாண்டு ஆனபோது எழுதிய கட்டுரையிலும் ஒரு பகுதியை இந்தப் படத்துக்கே ஒதுக்கினார். அங்கே சிறுவனின் பெரிய காதுமடலையும் கவனிக்கிறார்.

இதைவிட விசித்திரமான காரியம் ஒன்றையும் அவர் செய்தார். பெர்லினில் கழிந்த தன் இளமைப் பருவத்தைப் பற்றி 1930-களில் எழுதிய நூலில், சிறு வயதில் தன்னை ஸ்டூடியோவில் நிற்கவைத்ததை விவரிக்கிறார். வெறுந்தலை, இடது கையில் பெரிய அகன்ற தொப்பி. படிக்கிறவர் திடுக்கிட்டு நிற்கும் இடம் அது. ஆம், அதே தொப்பிதான். காஃப்காவின் படத்தைத் தன் நினைவாகவே எழுதிவிட்டிருக்கிறார் பெஞ்சமின். சுற்றியிருக்கும் பொருள்களைப்போல ஆகச்சொல்லிக் கட்டாயப்படுத்தியதில் தன் சாயலையே தான் இழந்துபோனதாக அவர் அங்கே சொல்கிறார். பிராக்கில் 1883-இல் பிறந்தவனும் பெர்லினில் 1892-இல் பிறந்தவனும் ஒரே படத்துக்குள் நின்றுவிட்டார்கள். இதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் செடிகளுக்கும் தூண்களுக்கும் நடுவில் தானும் நின்றவன் என்பதால், இன்னொரு பிள்ளையின் படத்தில் அவருக்குத் தன்னைத் தெரிந்தது.

தமிழ் வீடுகளுக்கும் அந்த அறை அந்நியமானதல்ல. தாழம்பூவும் மல்லியும் வைத்துத் தைத்த ஜடை தெரிய வேண்டும் என்று ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் திருப்பி நிற்கவைத்த சிறுமி எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இருக்கிறாள். கொண்டையில் மயிலிறகு செருகி, கையில் புல்லாங்குழல் கொடுத்து, கண்ணனாக்கப்பட்ட குழந்தையும் இருக்கிறது. சில வீடுகளில் அந்தக் கண்ணன் பெண்பிள்ளை. பூ தைக்கும்போது முடி இழுபட்டு மண்டை வலித்தது படத்தில் வராது. கன்னத்துத் திருஷ்டிப்பொட்டு மட்டும் தெளிவாக வந்துவிடும். “ஆடாம நில்லு, கண்ணச் சிமிட்டாத” என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து வந்த குரலும் வராது.

ஆடாமல் நிற்பது ஒரு காலத்தில் பெரிய பாடு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஈரம் காய்வதற்குள் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தாக வேண்டும். வெளிச்சத்தைப் பொறுத்துப் பல விநாடிகள் சிலையாக இருக்க வேண்டும். தலை அசையாமலிருக்க, பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்திக் கழுத்தைக் கவ்வவைப்பார்கள். பழைய படங்களை உற்றுப் பார்த்தால் சிலரின் காலணிக்குப் பின்னால் அந்தத் தாங்கியின் அடிக்கட்டை எட்டிப் பார்க்கும். கைக்குழந்தை என்றால் இரும்பு உதவாது. தாயே நாற்காலிபோல உட்கார்ந்து, தலைமுதல் கால்வரை துணியைப் போர்த்திக்கொண்டு, குழந்தையை மடியில் பிடித்திருப்பாள். அப்படிப்பட்ட படங்கள் நிறையவே கிடைக்கின்றன. குழந்தைக்குப் பின்னால் திரை போலத் தொங்குவது திரையல்ல, அம்மா. துணி மடிப்பிலிருந்து சில சமயம் ஒரு கை மட்டும் வெளியே தெரிகிறது.

காஃப்காவின் காலத்தில் ஜெலட்டின் பூசிய உலர்தகடுகள் வந்துவிட்டன. கழுத்தைக் கவ்வ வேண்டிய தேவை குறைந்திருந்தது. ஆனாலும் தூணும் செடியும் திரையும் ஸ்டூடியோவைவிட்டுப் போகவில்லை; விறைப்பும் போகவில்லை. சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? அந்தக் கண்களின் சோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்காகத்தான். புது உடுப்பு கழுத்தில் உறுத்தியிருக்கலாம். கண்ணாடிக் கூரையிலிருந்து விழும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்திருக்கலாம். அறிமுகமில்லாத ஓர் ஆள் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அதட்டியிருக்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது வாங்கித் தருவதாக யாரோ சொன்ன சொல் அவன் மனத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். பெஞ்சமின் கண்ட சோகம் பொய் என்று சொல்ல எவராலும் முடியாது. ஆனால் அது படத்தில் இருந்து வந்ததா, காஃப்காவின் புத்தகங்களிலிருந்து வந்து படத்துக்குள் புகுந்ததா என்று அந்தக் கண்களிடம் கேட்டுப் பதில் வாங்கவும் முடியாது.

பெஞ்சமினின் பார்வை எங்கே தடுமாறும் என்பதற்கு அதே 1931 கட்டுரையில் ஓர் ஆதாரம் இருக்கிறது. கார்ல் டௌதென்டை என்ற பழைய புகைப்படக்காரர் ஒரு பெண்ணோடு நிற்கும் படத்தைப் பற்றி அவர் அதில் எழுதுகிறார். அந்தப் பெண்ணைப் புகைப்படக்காரரின் வருங்கால மனைவி என்கிறார். பிற்காலத்தில், ஆறாவது குழந்தை பிறந்த சிறிது காலத்தில், நரம்பை அறுத்துக்கொண்டு இறந்தவள் அவள் என்கிறார். அவளுடைய பார்வை அப்போதே ஏதோ ஒரு கொடிய தூரத்தில் பதிந்திருப்பதாகச் சொல்கிறார் பெஞ்சமின். அந்தப் பத்தியைப் படித்தவர் மறக்க முடியாது. ஆனால் படத்தில் நிற்பவள் அவளே அல்ல. படம் 1857-ஐச் சேர்ந்தது. தற்கொலை செய்துகொண்ட முதல் மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டார். படத்தில் இருப்பது இரண்டாவது மனைவி. வரப்போகும் சாவின் நிழலை, அந்தச் சாவோடு தொடர்பே இல்லாத ஒருத்தியின் கண்களில் படித்திருக்கிறார் நவீன உலகின் மிகக் கூர்மையான வாசகர்களில் ஒருவர்.

பெஞ்சமினைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவரைவிட அன்போடு பழைய படங்களைப் பார்த்தவர்கள் குறைவு. அவருக்கே இப்படி நேர்ந்தது என்றால், முடிவு தெரிந்த கண் எவ்வளவு ஆபத்தானது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒருவருடைய கதை எப்படி முடிந்தது என்று தெரிந்துவிட்டால், அவருடைய குழந்தைப் பருவத்தை அதுவாகவே பார்ப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம். எல்லாமே முன்னறிகுறியாகிவிடுகிறது. அழுதால் பின்னாளைய துயரத்தின் விதை; சிரித்தால் இழக்கப்போகும் மகிழ்ச்சியின் கடைசிப் படம். சும்மா நின்ற குழந்தைக்கு, சும்மா நின்றதற்கான உரிமையே போய்விடுகிறது.

காஃப்கா என்ற குழந்தை எப்படி இருந்தான் என்பதற்குக் காஃப்காவே சாட்சி சொல்லியிருக்கிறார். 1919-இல், 36 வயதில், அப்பாவுக்கு மிக நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். அது அப்பாவின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. அதில் ஓர் இரவு வருகிறது. சிறுவன் தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டே இருக்கிறான். மிரட்டிப் பார்த்தும் ஓயவில்லை. அப்பா படுக்கையிலிருந்து அவனைத் தூக்கிக் கொண்டுபோய், முற்றத்தைப் பார்த்த நடைமாடத்தில், இரவுச் சட்டையோடு நிற்கவைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார். பல ஆண்டுகள் கழித்தும் தன்னை வாட்டிய ஒரு பயத்துக்கு அந்த இரவை மூலமாகக் காட்டுகிறார் காஃப்கா. அதைச் சொல்லும்போதே ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்: நிச்சயமாகத் தாகத்தால் அல்ல, ஒருவேளை கொஞ்சம் தொந்தரவு செய்வதற்காகவும், கொஞ்சம் என் பொழுதுபோக்குக்காகவும்தான் முனகிக்கொண்டிருந்தேன் என்கிறார். அந்த ஒரு விவரம் மனசை நிறைக்கிறது. அவ்வளவு காயத்துக்கு நடுவிலும், அந்தக் காயத்துக்குச் சற்று முன்பு, ஒரு குறும்புக்காரப் பையன் இருட்டில் படுத்துக்கொண்டு வீட்டாரைச் சீண்டிப் பார்த்திருக்கிறான்.

*

பல வயதுகளில் எந்த வயது ஒருவர் என்ற கேள்வி கிறிஸ்தவத்தில் மிகத் துல்லியமாக எழுந்தது. இறந்தவர்கள் கடைசி நாளில் உடலோடு எழுவார்கள் என்பது நம்பிக்கை. அப்படியென்றால் கைக்குழந்தையாக இறந்தவர்கள் எந்த உடலோடு எழுவார்கள்? இது நக்கலாகவும் கேட்கப்பட்டது, கண்ணீரோடும் கேட்கப்பட்டது. புனித அகஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி முடித்த ‘கடவுளின் நகரம்’ நூலின் கடைசிப் பகுதியில் இதற்குப் பதில் சொல்கிறார். அந்தக் குழந்தை வளர்ந்திருந்தால் எந்த முழுமையை எட்டியிருக்குமோ, அந்த வளர்ந்த உடலோடு எழும். விதைக்குள் மரம் இருப்பதுபோல அந்த வளர்ச்சி குழந்தைக்குள் ஏற்கெனவே இருந்தது. உயிர்த்தெழும் எல்லாரும் கிறிஸ்துவின் வயதை ஒட்டிய, ஏறத்தாழ முப்பது வயதின் நிறைவை அடைவார்கள்.

ஆறுதல் சொல்லவே அகஸ்தீன் இதைச் சொன்னார். யாரும் அரைகுறையாக விடப்பட மாட்டார்கள் என்பது அவர் வாக்கு. ஆனாலும் இறந்த குழந்தையின் ஒரே படத்தை இடுப்புச் சேலையில் முடிந்து வைத்திருக்கும் ஒரு தாய் அந்த நாளில் யாரைத் தேடுவாள்? முப்பது வயது இளைஞன் ஒருவன் அம்மா என்று வந்து நின்றால் அவளுக்கு அடையாளம் தெரியுமா? அவள் இழந்தது அவன் ஆகியிருக்கக்கூடிய ஆளை மட்டுமா? இரண்டு பல் முளைத்த வாயையும், தவழ்ந்து கறுத்த முழங்காலையும் அல்லவா? அகஸ்தீனின் தர்க்கத்தில் குழந்தை என்பது முடிக்கப்படாத மனிதன். அங்கேதான் அவரோடு உடன்பட முடியவில்லை.

காஃப்காவின் வீட்டிலும் இந்தக் கேள்வி வாய்திறக்காமல் இருந்தது. அவருக்குப் பின் இரண்டு தம்பிகள் பிறந்தார்கள்: கேயோர்க், ஹைன்ரிஷ். இரண்டு வயது ஆகும் முன்னரே இருவரும் போய்விட்டார்கள். 1888-ஐ ஒட்டிப் படத்துக்கு நின்ற பையன், இரண்டு தொட்டில்கள் வந்து காலியானதைப் பார்த்தவன். முதல் தங்கை எல்லி பிறந்தது 1889-இல். இடைப்பட்ட காலத்தில் அந்த வீட்டில் அவன் ஒற்றைப் பிள்ளை. எனில் அந்தக் கண்களின் சோகத்துக்கு இதுதான் காரணமா? சொல்லத் தோன்றுகிறது. சொன்னால், சற்று முன் பெஞ்சமினிடம் கண்ட அதே தடுமாற்றத்தில்தான் நாமும் விழுவோம்.

தமிழில் இந்தக் கேள்விக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்த ஒரு பதில் இருக்கிறது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் குண்டலகேசி பௌத்த நூல். முழுநூல் அழிந்துவிட்டது, 19 பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. மிஞ்சியவற்றில் ஒன்று, நாம் வயதுக்கு வயது செத்துக்கொண்டே வருகிறோம் என்கிறது. சிசுவாக இருந்தவன் செத்துத்தான் சிறுவன் வருகிறான். சிறுவன் செத்துத்தான் இளைஞன். அடுத்தவர் சாவுக்கு அழுகிறவர்கள், அன்றாடம் நடக்கும் தங்கள் சாவுகளுக்கு ஏன் அழுவதில்லை என்று அது கேட்கிறது. ஸ்டூடியோவே இல்லாத காலத்தில் எழுதியவருக்கு, ஸ்டூடியோப் படத்தைப் பார்க்கும்போது நெஞ்சில் எழும் அந்த இனம்புரியாத துக்கம் எப்படித் தெரிந்தது? ஐந்து வயதுப் படத்தை ஐம்பது வயதில் கையில் எடுக்கிறவர் பார்ப்பது, யாருமே கொள்ளி வைக்காத ஒரு சாவை.

பாலி மொழியில் உள்ள மிலிந்தன் கேள்விகள் என்ற நூலில் இதே விஷயம் வாதமாக வருகிறது. கிரேக்க வழிவந்த அரசன் மிலிந்தனிடம், மல்லாந்து கிடந்த அந்தச் சிசுவும் இப்போது வளர்ந்து நிற்கும் நீயும் ஒருவர்தானா என்று கேட்கிறார் துறவி நாகசேனர். வேறு வேறு என்கிறான் அரசன். அப்படியானால் உனக்குத் தாய் இல்லை, தந்தை இல்லை, ஆசிரியரும் இல்லை என்றாகும். குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை பெறுபவன் இன்னொருவன் என்றாகும் என்று மடக்குகிறார் துறவி. பிறகு விளக்கை உவமை காட்டுகிறார். இரவின் முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றல்ல. ஆனால் எரிந்தது ஒரே விளக்கு. பால் தயிராகி, தயிர் வெண்ணெயாகி, வெண்ணெய் நெய்யாவதையும் சொல்கிறார். அவனே என்றும் சொல்ல முடியாது, அவனல்ல என்றும் சொல்ல முடியாது.

இரண்டு பௌத்தக் குரல்களில் நாகசேனரின் குரல்தான் கெட்டிக்காரத்தனமானது. குண்டலகேசியின் குரல் அதைவிட நெருக்கமானது. நெய்யை வைத்துக்கொண்டு பாலுக்காக யாரும் ஏங்குவதில்லை; மனிதர்கள் ஏங்குகிறார்கள். ஆனால் இரண்டு குரலும் ஒரு விஷயத்தில் ஒன்று. முதல் யாமத்துச் சுடரைக் கடைசி யாமத்துச் சுடருக்கான ஒத்திகை என்று இரண்டுமே சொல்லவில்லை. அது அப்போதே முழுச் சுடர். அந்த நேரத்து இருட்டை அதுதான் விலக்கியது.

*

இதற்கெல்லாம் எதிராக வைக்கத்தக்க ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தை வெளியுலகில் யாரும் பார்க்கவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் ரொலான் பார்த்தின் தாய் 1977 அக்டோபரில் இறந்தார். அதன்பிறகு ஓர் இரவு, விளக்கடியில், அம்மாவின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் பார்த். தெரிந்த முகம்தான், ஆனால் எதிலும் அவள் இல்லை. தேடிக்கொண்டே பின்னோக்கிப் போகிறார். கடைசியில் 1898-இல் எடுத்த ஒன்று கிடைக்கிறது. பழுப்பேறி, மூலைகள் மழுங்கிய படம். கண்ணாடிக் கூரை போட்ட தோட்டத்தில், சிறு மரப்பாலத்தின் ஓரத்தில் இரண்டு குழந்தைகள்: ஏழு வயது அண்ணன், ஐந்து வயதுத் தங்கை. அந்தச் சிறுமி ஒரு கையின் விரலை இன்னொரு கையால் பிடித்திருக்கிறாள், குழந்தைகள் கூச்சத்தில் செய்வதைப்போல. அவளில் தன் அம்மாவைக் கண்டுகொண்டார் மகன். தான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய, தனக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒரு முகத்தில். 1980-இல் வெளிவந்த அவருடைய புகைப்பட நூலின் மையமே இந்தப் படம்தான். நூலில் வேறு படங்கள் பல இருக்கின்றன, இது இல்லை. மற்றவர்களுக்கு இது யாரோ ஒரு குழந்தையின் பழைய படம், அவ்வளவுதான் என்பது அவர் சொன்ன காரணம்.

ஐந்து வயதுக் குழந்தையில் முழு ஆளும் இருக்கிறார் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சியம் வேண்டாம். பார்த் சொல்வது உண்மை என்றுதான் படிக்கிற எவருக்கும் படும். எனில் பெஞ்சமினுக்கும் பார்த்துக்கும் என்ன வித்தியாசம்? பார்த் அந்தப் படத்தில் விதியைத் தேடவில்லை. அம்மாவின் கடைசி மாதங்களில் அவளுக்கு ஊட்டி, கிண்ணத்தில் தேநீர் குடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்; நோயில் அவள் தன் குழந்தையாகவே ஆகிவிட்டதாக எழுதுகிறார். அறுபது ஆண்டு கூட இருந்து பழகிய ஒரு கனிவை, அந்த விரல் பிடித்த விதத்தில் அடையாளம் கண்டார். அது கூட வாழ்ந்தவருக்கே கிடைக்கிற அடையாளம். புத்தகம் படித்தவருக்குக் கிடைப்பது அதுவல்ல. காஃப்காவின் கண்களைப் பார்க்கும் நாம் எல்லாரும் புத்தகம் படித்தவர்கள்.

தெரிந்தவராலும் முடிவிலிருந்து முற்றாகத் தப்பிவிட முடியாது. அதே நூலில், 1865-இல் தூக்குக்குக் காத்திருந்த லூயிஸ் பெய்ன் என்ற இளைஞனின் படத்தைப் பற்றிப் பார்த் பேசுகிறார். அவன் சாகப்போகிறான், அவன் செத்துவிட்டான். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. அம்மாவின் சிறுவயதுப் படத்தைப் பார்க்கும்போதும் இதே நடுக்கம் வந்ததாக எழுதுகிறார். நூல் வெளிவந்த சில வாரங்களில், பாரிஸ் தெருவில் சலவை வண்டி மோதி, 1980 மார்ச்சில் பார்த்தும் இறந்தார்.

காஃப்காவின் மூன்று தங்கைகளும் சிறுமிகளாக இருக்கும் படம் ஒன்று பல வாழ்க்கை வரலாறுகளில் அச்சாகியிருக்கிறது. எல்லி, வல்லி, ஒட்லா. அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது? எல்லியும் வல்லியும் 1941-இல் நாஜிகளால் போலந்தின் வூட்ஜ் நகர யூதச் சேரிக்கு நாடுகடத்தப்பட்டார்கள், திரும்பவில்லை. அண்ணனுக்கு மிகவும் பிரியமான ஒட்லா 1942-இல் தெரசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1943-இல், பியாவிஸ்டாக் நகரிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ரயிலில் ஏற்றினார்கள். துணைக்கு வருகிறேன் என்று தானாக முன்வந்து ஒட்லாவும் ஏறினார். ரயில் போய் நின்ற இடம் ஆஷ்விட்ஸ். அவரும் குழந்தைகளும் அங்கே கொல்லப்பட்டார்கள்.

இதை எழுதிய பிறகு அந்த மூன்று சிறுமிகளின் முகத்தை எப்படிப் பார்த்தாலும் கை நடுங்குகிறது. நடுங்கத்தான் வேண்டும், தெரிந்ததைத் தெரியாததாக்குவது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆனால் அவர்களைக் கொன்றவர்களுக்கு அவர்களுடைய குழந்தைப் பருவத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. படம் எடுத்த அந்த மணி நேரம் கொலைகாரர்களுக்குச் சொந்தமில்லை. அன்றைக்கு ஒட்லா இருப்பதிலேயே சின்னவள். முகாம் என்ற சொல் அவளுக்குத் தெரியாது. அக்காமார் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். வீட்டில் அண்ணன் இருந்தான். அவளுக்கு அன்று அவ்வளவும் முழுதாக இருந்தது.

*

சிறு வயதுப் படத்தைப் பார்த்த காஃப்கா என்ன நினைத்தார்?

1912 ஆகஸ்டில் பெர்லின்காரியான ஃபெலிஸ் பௌவரை அவர் சந்தித்தார். சில வாரங்களில் கடிதங்கள் தொடங்கி, நாளுக்கு ஒன்று, சில நாளில் இரண்டு என்று பறந்தன. படங்களும் கைமாறின. அந்த நவம்பரில் தன் குழந்தைப் படம் ஒன்றை அவளுக்கு அனுப்பினார். அதில் தனக்கு ஐந்து வயது இருக்கலாம் என்று குறிப்பிட்டார். படத்தில் பையன் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருக்கிறான். அது பெஞ்சமின் பார்த்த அதே படம்தானா என்பது இங்கே முக்கியமில்லை. அந்தக் கடுகடுப்பைப் பற்றிக் காஃப்கா கூடவே ஒரு வரி எழுதினார். அப்போது அது விளையாட்டு. இப்போது பார்க்கையில் அதற்குள் ஏதோ ரகசியத் தீவிரம் இருந்ததாகத் தனக்குப் படுகிறது என்பது அதன் சாரம்.

29 வயது. ‘உருமாற்றம்’ கதையை எழுதிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. தன் பழைய முகத்தில் அவரும் ஒரு முன்னறிகுறியைப் பார்த்துவிடுகிறார். பார்க்காமலிருக்க அவராலும் முடியவில்லை. ஆனால் அதற்கு முன்னால், வாக்கியத்தின் முதல் பாதியில், அந்தப் பையனுக்கு அவனுடைய விளையாட்டைக் கொடுத்துவிடுகிறார். கேமராவுக்கு முன் வேண்டுமென்றே முகத்தைச் சுளித்துக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவன் அவன்.

படத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றும் ஃபெலிஸிடம் அவர் கேட்டுக்கொண்டார். அது அவருடையதல்ல, அப்பா அம்மாவுடையது.